எவர் வாசிக்கும் கணக்கு? சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பன்னாட்டு நிதி அறிக்கையிடல் தரநிலை: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டுக் கணக்கியல் தரநிலைகள் வாரியம் 2009 ஆம் ஆண்டு சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கெனத் தனியொரு நிதி அறிக்கையிடல் தரநிலையை வெளியிட்டது. 2015 இல் திருத்தப்பட்ட அத்தரநிலையின் மூன்றாம் பதிப்பு 2025 பிப்ரவரியில் வெளிவந்துள்ளது. பெருநிறுவனங்களுக்கான முழுத் தரநிலைகளைச் சுருக்கி உருவாக்கப்பட்ட இந்நூல், சிறு நிறுவனக் கணக்கை உண்மையில் வாசிப்போரின் தேவையை எந்த அளவிற்கு நிறைவு செய்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தரநிலையின் வரையறை, எளிமையாக்கத்தின் தன்மை, ஒத்திவைக்கப்பட்ட வரி, ரொக்க ஓட்ட அறிக்கை ஆகிய இரு கூறுகளின் பயன் ஆகியவை இந்தியச் சூழலில் வைத்து மதிப்பிடப்படுகின்றன. இலங்கை, ஐக்கிய இராச்சியம், ஹாங்காங் ஆகியவற்றின் நடைமுறைகள் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. தயாரிப்பவரின் சுமையைக் குறைப்பதை மட்டும் எளிமை எனக் கொள்வது போதாது. வாசிப்பவரின் முடிவிற்கு உதவுவதே எளிமையின் அளவுகோலாக அமைய வேண்டும் என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கணக்கியல் தரநிலை, சிறு நிறுவனம், ஒத்திவைக்கப்பட்ட வரி, ரொக்க ஓட்ட அறிக்கை, நியாய மதிப்பு, கலைச்சொல்.

முன்னுரை

வணிகம் செய்வோர் கணக்கு எழுதுவது தொன்மையான வழக்கம். தமிழகத்துக் கடைகளில் சிட்டையும் பேரேடும் பேணப்பட்டதும், சித்திரை முதல் நாளிலோ தீபாவளியை ஒட்டியோ புதுக்கணக்குத் தொடங்கப்பட்டதும் பலரும் அறிந்த செய்திகள். அக்கணக்கின் முதல் வாசகர் கடை உரிமையாளரே. யாரிடம் எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு தர வேண்டும், கையில் உள்ள ரொக்கம் எவ்வளவு என்பனவே அவர் அதில் தேடிய விடைகள்.

பங்குச் சந்தை வளர்ந்த பின்னர் கணக்கின் வாசகர் மாறினார். நிறுவனத்திற்குள் நுழைந்து ஏடுகளைப் புரட்டிப் பார்க்க இயலாத, தொலைவில் உள்ள முதலீட்டாளர் அதன் முதன்மை வாசகரானார். அவர் பல நாட்டு நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒரே வகையான விதிகள் தேவைப்பட்டன. 1973 இல் இலண்டனில் தொடங்கப்பட்ட பன்னாட்டுக் கணக்கியல் தரநிலைகள் குழுவும், 2001 இல் அதன் இடத்தை ஏற்ற பன்னாட்டுக் கணக்கியல் தரநிலைகள் வாரியமும் இத்தேவையின் விளைவுகளாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் தொகுப்புக் கணக்குகளுக்கு இத்தரநிலைகளைக் கட்டாயமாக்கியது. இந்தியாவும் தன் சட்டச் சூழலுக்கேற்பச் சில மாற்றங்களுடன் இவற்றை ஏற்றது. அவை 500 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கு 2016 ஏப்ரல் 1 முதலும், 250 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களுக்கு 2017 ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்தன.

தொலைவில் உள்ள முதலீட்டாளரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதிகள், அத்தகைய முதலீட்டாளரே இல்லாத நிறுவனத்திற்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

தரநிலையின் தோற்றமும் வரையறையும்

வாரியம் 2004 இல் கலந்தாய்வு அறிக்கையையும் 2007 இல் வரைவையும் வெளியிட்டு, 2009 ஜூலையில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான தரநிலையை இறுதி செய்தது. ஏறத்தாழ 230 பக்கங்களில் 35 பிரிவுகள் கொண்டது அந்நூல். பங்கொன்றுக்கான ஈட்டம், இடைக்கால அறிக்கை, பிரிவு வாரியான அறிக்கை போன்ற, சிறு நிறுவனங்களுக்குத் தொடர்பில்லாத பொருள்கள் நீக்கப்பட்டன. வெளிப்படுத்த வேண்டிய செய்திகள் முழுத் தரநிலைகளில் உள்ளவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டன. அளவை மட்டும் நோக்கினால் இது பெருஞ்சாதனையே.

எனினும், நூலின் பெயரில் உள்ள 'சிறு' என்னும் சொல்லுக்கு நூலுக்குள் அளவு வழியான பொருள் இல்லை. விற்பனை, முதலீடு, பணியாளர் எண்ணிக்கை ஆகிய எதுவும் வரையறையில் இடம்பெறவில்லை. பொதுப் பொறுப்புடைமை இல்லாமையும், வெளியார்க்கெனப் பொது நோக்க நிதி அறிக்கைகளை வெளியிடுதலும் ஆகிய இரண்டே அதன் இலக்கணங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத, வங்கியாகவோ காப்பீட்டு நிறுவனமாகவோ இல்லாத எந்த நிறுவனமும், அது ஆயிரம் கோடி ரூபாய் விற்பனை உடையதாயினும், இவ்வரையறைக்குள் அடங்கும். இருவர் நடத்தும் பட்டறையும் அடங்கக்கூடும்.

தரநிலையை உருவாக்கும்போது ஏறத்தாழ 50 பணியாளர்களைக் கொண்ட நிறுவனமொன்றை வாரியம் மாதிரியாகக் கருதியது. இந்தியாவில் உத்யம் பதிவு பெற்ற நிறுவனங்களில் மிகப் பெரும்பான்மையானவை குறு நிறுவனங்களே. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வரையறையின்படி, 2.5 கோடி ரூபாய்க்கு மிகாத முதலீடும் 10 கோடி ரூபாய்க்கு மிகாத விற்பனையும் கொண்டவை குறு நிறுவனங்களாகும். இவற்றுள் பல, குடும்பத்தார் சிலரும் கூலியாள் சிலரும் மட்டுமே கொண்டவை. வாரியத்தின் மாதிரி நிறுவனத்திற்கும் இவற்றுக்கும் உள்ள இடைவெளி, முழுத் தரநிலைக்கும் சுருக்கத் தரநிலைக்கும் உள்ள இடைவெளியினும் பெரிது.

வாரியம் இதனை அறியாமல் இல்லை. உரிமையாளரின் பயன்பாட்டுக்கு மட்டுமோ வரித்துறையின் பயன்பாட்டுக்கு மட்டுமோ தயாரிக்கப்படும் கணக்குகள் பொது நோக்கக் கணக்குகளாக இருக்க வேண்டியதில்லை என்று தரநிலையின் முகவுரையே குறிப்பிடுகிறது. 2013 இல் குறு நிறுவனங்களுக்கென வழிகாட்டி ஒன்றும் வெளியிடப்பட்டது. ஆனால் அவ்வழிகாட்டி தனித் தரநிலையன்று. மூல நூலில் குறு நிறுவனங்களுக்குத் தேவைப்படாத பகுதிகளைத் தவிர்த்து எஞ்சியவற்றைத் தொகுத்துத் தருவது அது. ஆகவே, ஏற்கெனவே சுருக்கப்பட்ட ஒன்றை மீண்டும் சுருக்கியதேயன்றி, குறு நிறுவனத்தின் தேவையிலிருந்து தொடங்கிய முயற்சியாக அதனைக் கொள்ள இயலாது.

வாசகர் யார் என்னும் வினா

தரநிலையின் இரண்டாம் பிரிவு நிதி அறிக்கைகளின் நோக்கத்தைக் கூறுகிறது. தம் தேவைக்கேற்ற தனி அறிக்கையைக் கேட்டுப் பெறும் நிலையில் இல்லாத பலதரப்பட்ட பயனாளர்களின் பொருளாதார முடிவுகளுக்கு உதவுவதே அந்நோக்கம். தனி அறிக்கையைக் கேட்டுப் பெற இயலாதவர் என்னும் இக்கருத்தே தரநிலை முழுவதற்கும் அடித்தளம். இந்தியச் சிறு நிறுவனமொன்றின் கணக்கை வாசிப்போரை இவ்வரையறையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தேவை.

முதலாமவர் உரிமையாளர். எந்த ஏட்டையும் எந்த நேரத்திலும் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு. இரண்டாமவர் வரி அலுவலர். வருமான வரிக்கும் சரக்கு மற்றும் சேவை வரிக்கும் உரிய படிவங்களைச் சட்டமே அவருக்குப் பெற்றுத் தருகிறது. வருமானக் கணிப்பிற்கென 10 தனித் தரநிலைகளை வருமான வரித்துறை அறிவித்து, 2017-18 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தியது. அவர் கணக்கியல் தரநிலையை நம்பியிருக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. மூன்றாமவர் வங்கியாளர். 5 கோடி ரூபாய் வரையிலான நடைமுறை மூலதனக் கடனை, எதிர்பார்க்கப்படும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20 விழுக்காடு என்னும் அளவில் கணிக்கும் முறை, நாயக் குழுவின் பரிந்துரைக்குப் பின் இந்திய வங்கிகளில் நிலைபெற்றது. இருப்பு அறிக்கை, கடனாளிகள் பட்டியல், வங்கிக் கணக்கு அறிக்கை, சரக்கு மற்றும் சேவை வரிப் படிவங்கள் ஆகியவற்றை அவர் தனியே கேட்டுப் பெறுகிறார். பொதுத்துறை வங்கிகள் சிறு நிறுவனங்களின் மின்னணுப் பரிமாற்றத் தடங்களை வைத்துக் கடன் தகுதியை மதிப்பிடும் முறையை உருவாக்கும் என 2024 ஜூலையில் அளிக்கப்பட்ட ஒன்றிய வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. வங்கியாளரின் பார்வை நிதி அறிக்கையிலிருந்து விலகிச் செல்வதை இது காட்டுகிறது.

இம்மூவரும் தனி அறிக்கையைக் கேட்டுப் பெறக்கூடியவர்கள். தரநிலை கருதும் வாசகர் இவர்களல்லர். எஞ்சுபவர் நான்காமவர், கடனுக்குச் சரக்கு அளிக்கும் வணிகர். நூல் கடைக்காரரோ சாயப்பட்டறை உரிமையாளரோ தம் வாடிக்கையாளரின் ஏட்டைக் கேட்டுப் பார்க்க இயலாது. தரநிலையின் வரையறைக்கு உண்மையாகவே பொருந்துபவர் இவர் ஒருவரே. ஆனால் அவர் கடன் கொடுப்பதா இல்லையா என்பதைத் தணிக்கை செய்யப்பட்ட அறிக்கையை வைத்து முடிவு செய்வது அரிது. ஆண்டு முடிந்து பல மாதங்கள் கழித்து வரும் அறிக்கையைவிட, அதே தெருவில் உள்ள பிற வணிகரிடம் கேட்டறியும் செய்தி அவருக்கு விரைவில் கிடைக்கிறது.

இவ்வாறு நோக்குமிடத்து, பொது நோக்க அறிக்கையால் விளையும் ஒப்பீட்டு நன்மை என்று தரநிலையின் ஆதரவாளர்கள் கூறுவது சிறு நிறுவனங்களைப் பொறுத்தவரை வலுக்குன்றிவிடுகிறது. வெளிநாட்டு வாங்குபவரோ கூட்டாளியோ முதலீட்டு நிதியமோ உள்ள நடுத்தர நிறுவனத்திற்கு அந்நன்மை உண்டு என்பதை மறுக்க இயலாது. ஏற்றுமதி சார்ந்த ஊர்களில் இத்தகைய நிறுவனங்கள் கணிசமாக உள்ளன. சிக்கல், அவற்றையும் பட்டறையையும் ஒரே பெயரில் அடக்குவதில்தான் எழுகிறது.

எளிமையாக்கத்தின் தன்மை

தரநிலையின் எளிமையாக்கங்களுள் சில பாராட்டத்தக்கவை. கடன் வட்டியைச் சொத்தின் அடக்கத்தில் சேர்க்காமல் செலவாகவே எழுத இருபத்தைந்தாம் பிரிவு பணித்தது. மேம்பாட்டுச் செலவையும் அவ்வாறே எழுதலாம். நற்பெயரின் மதிப்பை ஆண்டுதோறும் சோதிப்பதற்கு மாற்றாக, அதன் பயனுறு காலத்தில் சீராகப் போக்கெழுதலாம். அக்காலத்தை உறுதியாகக் கணிக்க இயலாதபோது அது 10 ஆண்டுகளுக்கு மிகலாகாது என 2015 திருத்தம் வரம்பிட்டது. இவை தயாரிப்பவரின் உழைப்பைக் குறைப்பதுடன் வாசிப்பவருக்கும் குழப்பம் தராதவை.

வேறு சில எளிமைகள் பெயரளவில் மட்டுமே எளிமையாக உள்ளன. மிகையான செலவோ முயற்சியோ தேவைப்படுமாயின் குறிப்பிட்ட சில விதிகளைத் தளர்த்தலாம் என்னும் சலுகை அத்தகையது. முதலாவதாக, அது எல்லா விதிகளுக்கும் உரியதன்று. எந்தப் பத்தியில் கூறப்பட்டுள்ளதோ அங்கு மட்டுமே செல்லும். இரண்டாவதாக, செலவு மிகையானதென்று முடிவு செய்ய, அத்தகவலால் வாசகர் பெறும் பயனையும் எடைபோட வேண்டும். அம்முடிவிற்கான காரணத்தைப் பதிவு செய்து தணிக்கையாளரிடம் காட்ட வேண்டும். சட்ட வல்லுநர், கணக்கியல் வல்லுநர் எவரும் இல்லாத நிறுவனத்திற்கு, விதியைப் பின்பற்றுவதைவிட விதியிலிருந்து விலகுவதற்கான காரணத்தை எழுதுவது கடினமாகிவிடுகிறது.

2025 இல் வெளியாகி 2027 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரவுள்ள மூன்றாம் பதிப்பையும் இவ்வகையில் நோக்க வேண்டும். வருவாயை ஏற்பு செய்வதற்கான பிரிவு, முழுத் தரநிலையின் ஐந்து படி முறையைத் தழுவி மாற்றி எழுதப்பட்டுள்ளது. ஒப்பந்தத்தை அடையாளம் காணுதல், அதிலுள்ள கடப்பாடுகளைப் பிரித்தறிதல், விலையைத் தீர்மானித்தல், கடப்பாடுகளுக்கு விலையைப் பகிர்தல், கடப்பாடு நிறைவேறும்போது வருவாயை ஏற்றல் என்பன அப்படிகள். இயந்திரத்தை விற்று அதனுடன் மூன்றாண்டுப் பராமரிப்பையும் ஒரே விலையில் ஏற்கும் நிறுவனத்திற்கு இது தெளிவு தரும். துணியைப் பின்னிக் கொடுத்துக் கூலி பெறும் அலகிற்கோ, ஐந்து படிகளையும் ஏறி முடித்தபின் கிடைக்கும் விடை, சரக்கை அனுப்பிய நாளில் பட்டியல் எழுதிய பழைய முறையின் விடையே ஆகும். கூடுவது ஆவணச் செலவு மட்டுமே.

எனினும் இப்பதிப்பில் வாரியம் காட்டிய நிதானமும் குறிப்பிடத்தக்கது. எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பைக் கணிக்கும் முறை சில நிதிச் சொத்துகளுக்குப் புகுத்தப்பட்டாலும், வணிகக் கடனாளிகளுக்குப் பழைய முறையே தொடர்கிறது. குத்தகைச் சொத்துகளை எல்லாம் இருப்புநிலைக் குறிப்பில் ஏற்றும் முழுத் தரநிலையின் விதியும் புகுத்தப்படவில்லை. மேலிருந்து இறக்குவதற்கு எல்லை உண்டு என்பதை வாரியமே ஏற்றுக்கொண்டதாக இதனைக் கருதலாம்.

ஒத்திவைக்கப்பட்ட வரியும் ரொக்க ஓட்டமும்

எளிமையின் அளவுகோல் யாரைச் சார்ந்தது என்பதை இரண்டு கூறுகளை ஒப்பிடுவதன் வழித் தெளிவுபடுத்தலாம். இந்தியா சிறு நிறுவனங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையை ஏற்கவில்லை. முந்தைய பன்னாட்டுத் தரநிலைகளின் வழியில் அமைந்த உள்நாட்டுத் தரநிலைகளையே அவற்றுக்கு விதித்துள்ளது. 2021 ஆம் ஆண்டின் விதிகள், பட்டியலிடப்படாத, 250 கோடி ரூபாய்க்கு மிகாத விற்பனையும் 50 கோடி ரூபாய்க்கு மிகாத கடனும் உடைய நிறுமங்களைச் சிறு, நடுத்தர நிறுமங்களாகக் கொண்டு சில சலுகைகளை அளிக்கின்றன. இதனோடு, நிறுமச் சட்டத்தின் சிறு நிறும வரையறைக்குள் வருவனவற்றுக்கு ரொக்க ஓட்ட அறிக்கையிலிருந்து விலக்கு உண்டு. ஒத்திவைக்கப்பட்ட வரியைக் கணிக்கும் கடமையிலிருந்து நிறுமங்களுக்கு விலக்கில்லை. பன்னாட்டுத் தரநிலையும் தன் இருபத்தொன்பதாம் பிரிவில் ஒத்திவைக்கப்பட்ட வரியைக் கோருகிறது. ஆனால் ரொக்க ஓட்ட அறிக்கையையும் ஏழாம் பிரிவில் அனைவருக்கும் கட்டாயமாக்குகிறது.

விளக்கத்தின் பொருட்டு, திருப்பூரில் இயங்கும் பின்னலாடைக் கூலி அலகு ஒன்றைக் கற்பனையாகக் கொள்ளலாம். அது சிறு நிறும வரையறைக்குள் அடங்கும் தனியார் நிறுமம். ஆண்டின் தொடக்கத்தில் 20,00,000 ரூபாய்க்கு இயந்திரம் வாங்குகிறது. 10 ஆண்டுப் பயனுறு காலம் கொண்டு நேர்க்கோட்டு முறையில் எழுதும் தேய்மானம் 2,00,000 ரூபாய். வருமான வரிக்கெனக் குறைந்து செல் மதிப்பு முறையில் 15 விழுக்காட்டில் கிடைப்பது 3,00,000 ரூபாய். வேறுபாடு 1,00,000 ரூபாய். வரி விகிதம் 25 விழுக்காடு எனக் கொண்டால், ஒத்திவைக்கப்பட்ட வரிப் பொறுப்பு 25,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு வரித் தேய்மானம் 2,55,000 ரூபாயாகக் குறைய, பொறுப்பு 38,750 ரூபாயாக உயர்கிறது. நான்காம் ஆண்டில் வரித் தேய்மானம் ஏட்டுத் தேய்மானத்தைவிடக் குறைந்து, பொறுப்பு திரும்பத் தொடங்குகிறது. இதற்கிடையே புதிய இயந்திரம் வாங்கினால் அது மீண்டும் நீள்கிறது.

இத்தொகையை எவரும் எவரிடமும் செலுத்துவதில்லை. தொடக்க ஆண்டுகளின் இலாபம் மிகையாகத் தோன்றுவதை இது தடுக்கிறது என்பது இதற்கான நியாயம். பங்காதாயத்தை எதிர்நோக்கும் பங்குதாரர் உள்ள நிறுமத்தில் அந்நியாயம் வலுவானதே. கணவனும் மனைவியும் மட்டுமே பங்குதாரராக உள்ள நிறுமத்தில் அதனால் மாறும் முடிவு எதுவும் இல்லை.

அதே அலகின் மாத விற்பனை 10,00,000 ரூபாய் எனக் கொள்க. வாடிக்கையாளர்கள் 45 நாள்களில் பணம் தந்தால் நிலுவை 15,00,000 ரூபாய். 90 நாள்கள் இழுத்தடித்தால் நிலுவை 30,00,000 ரூபாய். கூடுதலான 15,00,000 ரூபாயை 12 விழுக்காடு வட்டிக்குக் கடன் பெற்றால் ஆண்டு வட்டி 1,80,000 ரூபாய். விற்பனையில் 6 விழுக்காடு இலாபம் என்றால் ஆண்டு இலாபம் 7,20,000 ரூபாய். அதில் நான்கில் ஒரு பங்கைத் தாமதம் மட்டுமே விழுங்கிவிடுகிறது. இலாப நட்டக் கணக்கில் இலாபம் காட்டிக்கொண்டே கூலி கொடுக்கப் பணமின்றித் தவிக்கும் நிலையை விளக்கக்கூடியது ரொக்க ஓட்ட அறிக்கை ஒன்றே. இந்திய விதி விலக்கு அளிப்பது அதற்குத்தான்.

ஆக, எவர்க்கும் பயன்படாத 25,000 ரூபாயைக் கணிக்கும் கடமை நீடிக்கிறது. உயிர்நாடியான செய்தியைத் தரும் அறிக்கை விலக்கப்படுகிறது. தயாரிப்பவரின் சுமை என்னும் ஒற்றை அளவுகோலால் சலுகைகளைப் பங்கிட்டதன் விளைவு இது. இவ்விடத்தில் பன்னாட்டுத் தரநிலை இந்திய விதியைவிடச் சிறந்தது என்பதையும் நேர்மையாக ஏற்க வேண்டும்.

தாமதப் பணம் என்னும் சிக்கலை இந்தியச் சட்டம் வேறு வழிகளில் அணுகியுள்ளது. 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15 ஆம் பிரிவு, எழுத்து வழி ஒப்பந்தம் இருப்பினும் பணம் தரும் காலம் 45 நாள்களுக்கு மிகலாகாது என்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல், வர வேண்டிய, தர வேண்டிய வணிக நிலுவைகளைக் கால வாரியாகப் பிரித்துக் காட்டுமாறு நிறுமச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை திருத்தப்பட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் தராத தொகையை, தந்த ஆண்டில் மட்டுமே செலவாக ஏற்கும் விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரியில் புகுந்தது. இவை எவையும் கணக்கியல் தரநிலையிலிருந்து பிறந்தவையல்ல. சிறு நிறுவனத்தின் நோய் எது என்று அறிந்த சட்டங்களிலிருந்து பிறந்தவை.

பிற நாடுகளின் வழிகள்

இலங்கையில் 1995 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்களுக்குச் சட்ட வலு அளித்தது. சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான பன்னாட்டு நியமம் அங்கு 2012 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியே விதி வகுக்கும் செலவு இல்லை என்பதும், கணக்காளர் கல்வி உலகத் தரத்தோடு இணைகிறது என்பதும் இவ்வழியின் நன்மைகள்.

ஐக்கிய இராச்சியம் நடுவழியைத் தேர்ந்தது. சிறு, நடுத்தர நிறுவனத் தரநிலையைத் தழுவித் தன் சட்டத்திற்கேற்ப மாற்றி எழுதிய தேசியத் தரநிலையை 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. குறு நிறுவனங்களுக்கென மற்றொரு தரநிலையை 2016 ஜனவரி 1 முதல் தனியே அளித்தது. அதில் ஒத்திவைக்கப்பட்ட வரி இல்லை. சொத்துகளை மறுமதிப்பீடு செய்வதும் இல்லை. ஹாங்காங் இதற்கு முன்பே, 2005 இல், அடக்க விலையை மட்டும் அடிப்படையாகக் கொண்டு, ஒத்திவைக்கப்பட்ட வரியைத் தவிர்த்த எளிய தரநிலையைச் சிறு நிறுவனங்களுக்கு வகுத்தது. கணக்கியல் துறையில் நீண்ட மரபுடைய இவ்விரு இடங்களும் குறு நிறுவனத்தைச் சிறு நிறுவனத்தின் குறைந்த அளவாகக் கருதாமல் வேறு வகையாகவே கருதின என்பது கவனத்திற்குரியது.

கலைச்சொற்களும் புரிதலும்

தரநிலையின் பொருத்தத்தை மதிப்பிடுகையில் மொழியையும் கருத வேண்டும். பற்று, வரவு, நிலுவை, பேரேடு, சரக்கிருப்பு ஆகிய சொற்கள் வணிகரின் வாயில் வழங்குபவை. தரநிலைகளின் வழி வந்த சொற்களுக்கு அந்த வேர் இல்லை. 'நியாய மதிப்பு' என்பது சந்தையில் விருப்பமுள்ள இருவரிடையே கைமாறும் மதிப்பைக் குறிக்கும் கலைச்சொல். நியாய விலைக் கடையை அறிந்த வாசகருக்கு அது அரசு நிர்ணயித்த மலிவு விலை போன்ற எண்ணத்தையே முதலில் தோற்றுவிக்கும். 'ஒத்திவைக்கப்பட்ட வரி' என்பது, செலுத்த அரசு தவணை அளித்த வரி என்று பொருள்படக்கூடும். உண்மையில் அது அரசுக்கு இன்று கடன்பட்ட தொகையன்று.

தமிழகத்திலும் இலங்கையிலும் வழங்கும் சொற்களும் வேறுபடுகின்றன. இங்கு இருப்பாய்வு எனப்படுவது அங்கு பரீட்சை மீதி. இங்கு தேய்மானம், அங்கு பெறுமானத் தேய்வு. இங்கு நற்பெயர், அங்கு நன்மதிப்பு. இங்கு தரநிலை, அங்கு நியமம். இவ்வேறுபாடு குறையன்று. இரு நிலங்களிலும் கணக்கியலைத் தமிழில் கற்பிக்கும் மரபு தனித்தனியே வளர்ந்ததன் அடையாளம் அது. எனினும் இச்சொற்கள் பாடநூலோடு நின்றுவிடுகின்றன. தணிக்கையாளர் ஆங்கிலத்தில் தயாரித்த அறிக்கையில், அதன் பொருள் விளங்காமலே உரிமையாளர் கையொப்பமிடுவது தமிழகத்தில் இயல்பான நிகழ்வு. கணக்கின் முதல் வாசகர் என மேலே கூறப்பட்டவர் தம் கணக்கையே வாசிக்க இயலாதவராகிறார். தரநிலையை எவ்வளவு சுருக்கினாலும் இக்குறை தீராது.

மதிப்பீடு

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பன்னாட்டுத் தரநிலை நடுத்தர நிறுவனங்களுக்குப் பொருத்தமுடையது. வெளி முதலீடு, ஏற்றுமதி, கூட்டு முயற்சி ஆகியவற்றை நோக்கிச் செல்லும் நிறுவனம் அதனால் பயன்பெறும். இந்தியாவில் 250 கோடி ரூபாய் நிகர மதிப்பைக் கடக்கும் நிறுமம் ஒரு தலைமுறைத் தரநிலையிலிருந்து மற்றொரு தலைமுறைத் தரநிலைக்கு ஒரே தாவலில் செல்ல வேண்டியுள்ளது. இடைப்படியாக இத்தரநிலையைக் கருத இடமுண்டு.

இரண்டாவது, குறு நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. அவற்றின் வாசகர்கள் தரநிலை கருதும் வாசகர்கள் அல்லர். அடக்க விலை, ரொக்க ஓட்டம், கால வாரியான நிலுவை, உரிமையாளரின் எடுப்புகள், ஓராண்டிற்குள் தீர்க்க வேண்டிய கடன் ஆகியவற்றை மட்டும் கோரும் குறுகிய விதித்தொகுப்பே அவற்றுக்குத் தேவை.

மூன்றாவது, தரநிலையில் உள்ள எல்லாவற்றையும் பெருநிறுவனச் சுமை என ஒதுக்கிவிடலாகாது. தொடர்புடையோருடனான பரிமாற்றங்களை வெளிப்படுத்தும் முப்பத்து மூன்றாம் பிரிவு, குடும்ப நிறுவனங்களுக்கே மிகவும் தேவையானது. உரிமையாளரின் வீட்டில் வாடகையின்றிப் பட்டறை இயங்கினால், அடக்கம் குறைவாகத் தோன்றும். கேட்கும் கூலியும் குறையும். குடும்பத்தார் நகையை அடகு வைத்துத் தந்த பணம் ஏட்டில் ஏறாவிடில், நிறுவனத்தின் உண்மையான கடன் எவருக்கும் தெரியாது. உரிமையாளர் வேறு, நிறுவனம் வேறு என்னும் கணக்கியல் கருத்து இங்கு ஏட்டுக் கோட்பாடாக நிற்காமல், குடும்பச் சொத்தைக் காக்கும் அரணாகிறது.

முடிவுரை

சிறு நிறுவனங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையின் குறை அதன் நீளத்தில் இல்லை. அது எந்த வாசகரை முன்னிறுத்தித் தொடங்கியதோ அவர் பெரும்பாலான சிறு நிறுவனங்களின் முன் இல்லை என்பதே அதன் அடிப்படைக் குறை. பக்கங்களைக் குறைப்பதாலும் சலுகைகளைக் கூட்டுவதாலும் அக்குறை நீங்குவதில்லை. இந்திய விதிகளில் ஒத்திவைக்கப்பட்ட வரி நிலைத்து நிற்க, ரொக்க ஓட்ட அறிக்கை விலக்கப்பட்டிருப்பது, வாசகரை மறந்த எளிமையாக்கம் எங்கு கொண்டுசெல்லும் என்பதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஒவ்வொரு விதியையும் இதனை யார் வாசிப்பார், வாசித்து என்ன முடிவெடுப்பார், அதற்காக ஆகும் செலவு அம்முடிவின் பயனுக்கு ஈடாகுமா என்னும் மூன்று வினாக்களால் சோதித்தல் வேண்டும். அச்சோதனையில் தேறிய விதிகளைக் கொண்டு குறு நிறுவனங்களுக்கெனத் தனித் தொகுப்பொன்று உருவாக்கப்பட்டு, அது உரிமையாளர் வாசிக்கும் தமிழிலும் தரப்பட வேண்டும். அவ்வாறு அமையும் அறிக்கை, வரித்துறைக்கும் வங்கிக்கும் ஒப்படைக்கும் தாளாக நின்றுவிடாமல், கூலியை உயர்த்திக் கேட்பதா, கடனுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்துவதா, அடுத்த இயந்திரத்தை வாங்குவதா என்னும் முடிவுகளுக்கு உரிமையாளர் தாமே எடுத்துப் பார்க்கும் ஏடாக அமையும்.